சரசுவுக்கு, சிங்காநல்லூரிலிருந்து

ஞாயித்துக்கிழமை, பொழுதோட

அன்புள்ள சரசு,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. பதில் போடாததுக்குக் காரணம் சொல்லப் போனா அதுவே ரெண்டு பக்கம் வரும், விடு. இங்க எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்குது, வாய்தான் இல்ல. பேத்திக்குப் பல்லு முளைச்சாச்சா?

உன் கடுதாசிய அவருகிட்டப் படிச்சுக் காட்டுனது வம்பாப் போச்சு. உங்க ஆஸ்திரேலியாவுல, பிரிஸ்பேன்ல பஸ்ஸேறி எங்க போனாலும் டிக்கெட் 50 சென்ட், ரயிலேறி கோல்டு கோஸ்ட் போனாலும் அதே 50 சென்ட்னு எழுதியிருந்தியல்லோ, அன்னிலிருந்து அதே பேச்சுத்தான். 2024 ஆகஸ்ட்ல ஆறு மாசம் விட்டுப் பாக்கலாம்னு ஆரம்பிச்சாங்களாம், நடுவுல எலெக்சன் வந்து ஆட்சியே மாறுச்சாம், ஆனா டிக்கெட் விலை மாறலையாம், இப்ப அதுவே நிரந்தரமாம். நம்ம காசுக்கு முப்பது ரூபா, அந்த ஊருக்கு அதெல்லாம் ஒரு காசா, நம்மூருலயும் அப்படி வெக்கோணும்ங்கறாரு. பொம்பளைகளுக்கு டவுன் பஸ் ஓசின்னு 2021 மே மாசமே வெச்சாச்சுங்க, ஆம்பளைகளுக்குத்தான் இல்லைன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு.

இப்ப எங்க நங்கையா கதைக்கு வாரேன், அதான் இவரு அக்கா. அரிசிம்பருப்பு நங்கையாதான், வேற யாரு! வெள்ளிக்கிழமையானா சூலூர்ல டவுன் பஸ் ஏறி இங்க வந்து நிக்கறாங்க. முதல்ல ஒறம்பரை வந்திருக்குதுன்னு பாயசமெல்லாம் வெச்சேன். இப்ப அவங்களே அடுப்படிக்குள்ள பூந்து ரசம் வெக்கறாங்க. என் ரசத்துல உப்பு பத்தறதில்லையாம். உன்கிட்டத்தான் புள்ள பொலம்ப முடியும்.

ஆனா போன வெள்ளிக்கிழமை ஒண்ணு சொன்னாங்க. அவங்க ஊட்டுக்காரர் தவறுனதுக்கப்புறம், பஸ்ஸுக்குக் காசு வேணும்னா மகன்கிட்டக் கேக்கோணும். கேட்டா எங்க, எதுக்குன்னு சொல்லோணும். அந்தக் கேள்விக்குச் சடைஞ்சுக்கிட்டே எங்கயும் போகாம இருந்துட்டாங்களாம், கூடப் பொறந்த தம்பி ஊட்டுக்குக்கூட. "இப்பச் செருப்ப மாட்டுனாப் போதும் கண்ணு, ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல"ன்னாங்க. எனக்குச் சோறு எறங்கல சரசு. பத்து மைல்கூட இல்லாத ஊரு, இத்தன வருசம் இது நமக்குத் தெரியலையே.

டிக்கெட் விலையக் குறைச்சா காருல போறவங்க பஸ்ஸுக்கு வந்துருவாங்கன்னுதான் இவரு கணக்குப் போடறாரு. இங்க காரை விட்டு ஒருத்தரும் எறங்குன மாதிரி எனக்குத் தெரியல. ஊட்டை விட்டு எறங்காதவங்கதான் எறங்கியிருக்காங்க. அதுவுமில்லாம, நம்மூருல பஸ்ஸுக்குப் போட்டி காரா? எக்ஸெல் வண்டி! லிட்டருக்கு அம்பது கிலோமீட்டர்னு வெச்சாலும், பெட்ரோல் விக்கற விலைக்குக் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாதான் ஆகுது. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு குடும்பமே போயிருது. அதக் காட்டியும் சல்லிசா எந்தப் பஸ் ஓட்ட முடியும்?

வெல மட்டும் எறங்குனாப் பத்தாது, வண்டி வரோணும். கைய நீட்டி நின்னா, பொம்பளைக கூட்டத்தப் பாத்துட்டு நாலு எட்டுத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தறானே ஒரு டிரைவர், அவன எதுல சேக்கறது? பின்னாலயே பிரைவேட் பஸ் காலியா வருது, அதுல டிக்கெட் எடுக்கோணும்னு நாங்க பிங்க் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கறோம். ஓசின்னா நம்ம நேரத்துக்கு வெலையே இல்லாமப் போயிருதாட்ட இருக்குது.

இன்னொண்ணு. அவினாசி ரோட்டு மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரு வெச்சிருக்காங்க, பத்து கிலோமீட்டர் நீளம். அந்த மனுசன் 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒத்தை பஸ் ஓட்டி ஆரம்பிச்சவரு. அவரு பேருல மேல காரு பறக்குது, பஸ்ஸுக்கு நிக்கற சனம் பாலத்துக்கடியில நிக்குது. இதச் சொன்னா, நிழல் கெடைச்சுதல்லங்கறாரு இவரு!

என்னைக் கேட்டா ஒரு சோதனை வெக்கச் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமையில பொண்டாட்டி புள்ளைகளோட வர்ற ஆம்பளைக்கு அரை டிக்கெட். எக்ஸெல் எத்தன ஊட்டுல தூங்குதுன்னு அப்பப் பாக்கலாம். பொண்டாட்டியில்லாதவன் என்ன பண்ணுவான்னு கேட்டாரு. வாடகைக்குக் கெடைக்குமான்னு நங்கையா சிரிச்சாங்க பாரு, அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததேயில்ல.

திருப்பூர் மணி வேற போன்ல வந்து, ஜெர்மனியில 2022ல மூணு மாசம் 9 யூரோவுக்கு மாசப் பாஸ் குடுத்தாங்க, அடுத்த வருசம் அதே மாதிரிப் பாஸ் 49 ஆயிருச்சு, அப்புறம் ஏறிக்கிட்டேதான் இருக்குதுன்னு பயமுறுத்தறான். அதனால உன்னை ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவ ரயிலேறுனா, பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்டப் பேச்சுக் குடு. முன்னால காருல போனவங்களா, இல்ல ஊட்டுலயே கெடந்தவங்களான்னு கேளு. உனக்கென்ன, ரெண்டு நிமிசத்துல ஊருக் கதையெல்லாம் வாங்கிருவ. அதுல இவருக்கும் எனக்கும் பந்தயம் போட்டிருக்குது.

உன் தோட்டத்துத் தென்னைக்குத் தண்ணி விட்டாச்சு. ரெண்டு மரத்துல வண்டு விழுந்திருக்குது, மருந்து வெக்கச் சொல்லியிருக்கேன், அந்தக் காசு நீ தரோணும்.

அன்புடன்,
பாப்பாத்தி