அடுத்த வாரம் பார்த்துக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலக மடிக்கணினி ரீஸ்டார்ட் ஆகி, எல்லோர் முன்னாலும் அசடு வழிய நிற்க வேண்டியதாயிற்று என்று ஒரு வாசகர் சென்ற வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்கு அடுத்தவர் வேலையைப் பற்றிக் கவலையே கிடையாது என்றும், 2024 ஜூலையில் ஒரு அப்டேட்டால் உலகமே ஸ்தம்பித்த பிறகும் இவர்களுக்குப் புத்தி வரவில்லை என்றும் முடித்திருந்தார். நானூற்றுச் சொச்சம் கணினிகள் உள்ள ஒரு நிறுவனத்தில், அந்தப் பிரிவில் 14 வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். அவர் எங்கள் நிறுவனத்துக்காரராக இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த ரீஸ்டார்ட். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை மொத்தமாக வெளியிடுகிறது. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் 'பேட்ச் செவ்வாய்' என்றே பெயர். நாங்கள் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்ததும் ஒவ்வொரு கணினியும் சத்தமில்லாமல் அதை இறக்கி நிறுவிக்கொள்ளும். ஆனால் பல திருத்தங்கள் ரீஸ்டார்ட் ஆனால்தான் வேலைக்கு வரும்; அதுவரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய, ஓட்டையுள்ள கோப்புதான். மாத்திரையை வாங்கி மேசையில் வைத்திருக்கிற மாதிரி. எங்கள் அலுவலகத்தில் இதற்கு 5 நாள் அவகாசம் கொடுக்கிறோம். ஐந்து நாளும் திரையின் மூலையில் ஒரு பெட்டி வந்து கேட்கும். 'பிறகு நினைவூட்டு' என்று அதில் ஒரு பொத்தான் உண்டு. ஆறாவது நாள் அந்தப் பொத்தான் இருக்காது. வாசகர் எத்தனை முறை 'பிறகு' கொடுத்தார் என்று அவர் கடிதத்தில் இல்லை.

இரவு 2 மணிக்குச் செய்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். மேசைக் கணினிகளுக்கு அப்படித்தான் செய்கிறோம். வயர் இணைப்பில் இருந்தால், அணைந்து கிடக்கும் கணினியைக்கூட இங்கிருந்தே எழுப்பிவிடலாம். மடிக்கணினி அந்த நேரத்தில் மூடிய நிலையில், யாருடைய பையிலோ இருக்கும். பைக்குள் இருப்பதை எழுப்ப எனக்கு வித்தை தெரியாது.

இதில் பயனாளர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது என்பதை நானே ஒருமுறை கற்றுக்கொண்டேன். கணக்குப் பிரிவில் ஒரு மூத்த மேடம். அவர் கணினி மட்டும் அறிக்கையில் 'ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கிறது' என்று சிவப்பில் நின்றுகொண்டே இருந்தது. நேரில் போய்ச் சொன்னேன். "தம்பி, நான் தினமும் சாயங்காலம் ஷட்டவுன் பண்ணிட்டுத்தானே கிளம்பறேன், இன்னும் என்ன பண்ணணும்?" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற இடத்தைக் காட்டினேன். 41 நாள். நான் அவரைப் பொய்க்காரி என்று சொன்னதுபோல அவர் முகம் மாறிவிட்டது. அவர் சொன்னது முழு உண்மை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தால், உள்ளே மையப் பகுதி அப்படியே வட்டில் எழுதி வைக்கப்படும்; காலையில் திறந்தால் அதே பகுதி திரும்ப ஏற்றப்படும். சீக்கிரம் திறக்கும், ஆனால் புதிதாகத் தொடங்கியதாகக் கணக்கில் வராது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து புதிதாகத் தொடங்கும். மெனுவில் 'அப்டேட் அண்ட் ஷட்டவுன்' என்பதும் வெறும் 'ஷட்டவுன்' என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் எதை அமுக்குவார்? அன்றைக்கே எல்லாக் கணினிகளிலும் அந்த வசதியை நிறுத்தினோம். அந்த மேடத்திடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

என் தவறு இன்னொன்றும் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் எதையும் அனுப்பக் கூடாது, வளையம் வளையமாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதலில் பத்துப் பேர், பிறகு ஐம்பது பேர், பிறகு மீதி. நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் முதல் வளையத்தில் இருந்தது எங்கள் பிரிவின் பத்துக் கணினிகள். இரண்டாவது வளையத்தில், கேட்டதும் சரி என்று சொன்ன இளைஞர்கள். ஒரு மாதம் வந்த திருத்தம், பிரிண்டரை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளை நிறுவ நிர்வாகி (அட்மின்) அனுமதி வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தது. பாதுகாப்புக்காகச் செய்த நியாயமான மாற்றம். எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏனென்றால் எங்கள் பிரிவில் யாரும் பிரிண்ட் எடுப்பதே இல்லை! இரண்டாவது வளையத்தில் இருந்தவர்களும் எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்துவிடுகிறவர்கள். மூன்றாவது வளையத்துக்குப் போன மறுநாள் காலை, சரக்கு அனுப்பும் பிரிவில் யார் பிரிண்ட் கொடுத்தாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வழியில்லாமல் வண்டி வெளியே நின்றது. நான் மேசை மேசையாகப் போய்ப் பாஸ்வேர்டு அடித்தேன். அன்றிலிருந்து முதல் வளையத்தில் லேபிள் பிரிண்டர் உள்ள கணினி ஒன்று, பழைய ஸ்கேனர் உள்ளது ஒன்று, மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பு திறக்கும் கணக்குப் பிரிவுக் கணினி ஒன்று என்று, வீம்பு பிடிக்கும் கணினிகளாகத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறோம்.

இப்போது வாசகர் சொன்ன 2024 ஜூலை 19. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன, பிழையுள்ள ஒரு சிறிய கோப்பு. வெளியிட்ட 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இயங்க முடியாமல் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் என்று எல்லாம் தடுமாறின. எங்களிடம் அந்த மென்பொருள் இல்லை. அது அதிர்ஷ்டம், எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில்) திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்கச் சாவியை அடிக்க வேண்டும். நாற்பத்தெட்டு! அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரே நீலத் திரையில் நின்றால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் சாவிகளின் ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் வைத்தோம்.

அந்த வாடிக்கையாளர்களில் பலர் என்னைப் போலவே வளையம் போட்டு வைத்திருந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வளையம் மென்பொருளின் பதிப்புக்குத்தான் செல்லும். தினசரி போகிற அந்தச் சிறிய கோப்புகளுக்குச் செல்லாது. அவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின. ஆக, அன்றைய விபத்து அவ்வளவு பெரிதானது படிப்படியாக அனுப்பாததால். 'அப்டேட்டே வேண்டாம்' என்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே பிறகு அந்தக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பும்படி மாற்றியது.

வேண்டாம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் தாக்கியது மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இடையில் 59 நாள். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மட்டும் நோயாளிகளின் 19,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அங்கே சிக்கியவற்றில் பெரும்பாலானவை எல்லோரும் கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் என்று அப்போது பேச்சு. தணிக்கையில் பார்த்தால், திருத்தம் கிடைத்தும் போடாத விண்டோஸ் 7. திருத்தம் வெளிவருவதே ஓர் அறிவிப்பு என்பதையும் சொல்ல வேண்டும்: பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எங்கே ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். அதைச் செய்கிறவர்கள் 'பிறகு நினைவூட்டு' கொடுப்பதில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

எத்தனை கணினிகளில் திருத்தம் ஏறியிருக்கிறது என்று மாதாமாதம் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்கிறேன். 97 சதவீதம் பச்சை, 98 சதவீதம் பச்சை. சார் பார்த்துவிட்டு "நல்லாருக்கே" என்பார். எதில் 98 சதவீதம் என்று கேட்கமாட்டார். எங்கள் கருவியில், 30 நாளாகத் தகவல் அனுப்பாத கணினி பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். பகுக்கும் எண் குறையும், சதவீதம் ஏறும். ஒருமுறை சொத்துப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 19 கணினிகள் குறைந்தன. ஒன்று வாசல் அறை மேசைக்கு அடியில், வருகைப் பதிவுக் கருவியோடு இணைந்து, தூசி படிந்து ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் 2017-இல் நடந்ததும் இந்த ரகம்தான்: திருத்தம் போடச் சொல்லி உள்ளே உத்தரவு போனது, ஓட்டையைத் தேடி ஸ்கேனும் ஓடியது, அந்த ஒரு தளம் மட்டும் ஸ்கேனில் சிக்கவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

தெரியாமல் விட்டதை விடுங்கள், தெரிந்தே விட்டது ஒரு பட்டியல் இருக்கிறது. எங்களிடம் அதற்கு ஓர் எக்செல் கோப்பு. 'இதற்கு அனுப்பாதே' என்று யாராவது சொன்ன கணினிகள் எல்லாம் அதில். மாத இறுதி, தணிக்கை நேரம், வெளியூர்ப் பயணம், 'நம்ம சாஃப்ட்வேர் புது அப்டேட்ல ஓடாதாம்' என்று விற்றவர் சொன்னது. எல்லாம் அந்த நேரத்துக்கு நியாயமான காரணங்கள்தான். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்பா" என்பார்கள். கோப்பில் பெயர், காரணம், சேர்த்த தேதி என்று மூன்று பத்திகள் இருந்தன. என்றுவரை என்ற பத்தி இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய தணிக்கைக்காக விட்ட கணினி ஒன்று இன்னும் அதில் இருந்தது. மேலும் கவனித்தால், பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் உயர் பதவியில் இருப்பவர்கள். அதாவது எல்லாக் கோப்புகளையும் திறக்கும் உரிமை உள்ளவர்கள். கடைநிலை ஊழியர் யாரும் விலக்குக் கேட்டு என்னிடம் வந்ததில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிறுவனங்களை நடத்துகிற வாசகர்களுக்கு இரண்டு கோரிக்கைகள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை, இது பராமரிப்பு நேரம் என்று உங்கள் கையெழுத்தோடு அறிவித்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் ரீஸ்டார்ட் ஆகாது. விலக்குக் கொடுத்தால் அதற்கு ஒரு கடைசித் தேதியும், பொறுப்பேற்பவர் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். ஆசிரியர் அவர்களுக்கும் ஒன்று: எங்காவது வைரஸ் தாக்குதல் என்று செய்தி போடும்போது, முகமூடி போட்டவன் படத்துக்குக் கீழே, அந்த ஓட்டைக்குத் திருத்தம் ஏற்கெனவே வந்திருந்தால் அது எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எங்கள் கோப்பில் போன மாதம் நான்காவது பத்தி சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் தேதி போட்டாயிற்று. முதல் வரியில் இருக்கும் மடிக்கணினிக்குக் கெடு வரும் வெள்ளிக்கிழமை. அதற்குச் சொந்தக்காரர் தினமும் உங்கள் நாளிதழ் படிப்பவர். நேரில் சொல்லத் தைரியம் வராததால் இதிலேயே சொல்லிவிடுகிறேன். சார், வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு. தயவுசெய்து கோப்புகளைச் சேமித்து வையுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர்
(பெயர் வேண்டாம்)