பாட்டை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ மொழிபெயர்ப்பைப் படித்தேன். நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கதை நடுவில் அந்த மாளிகைக்காரன் ராட்ரிக் அஷர் கிதார் மீட்டிப் பாடும் பாட்டைக் காணோம். பேய்க்கதைக்குப் பாட்டு எதற்கு என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ. 1839 ஏப்ரலில் தனியாக வெளிவந்த பாட்டு அது, செப்டம்பரில்தான் கதைக்குள் வந்தது, ஒட்டுப்போட்டது என்றுகூட வாதிடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் பத்தியிலேயே இரண்டு முறை அந்த வீட்டு ஜன்னல்களை வெறுமையான கண்களைப் போன்றவை என்கிறார் போ. ஒருமுறை நேரில், இன்னொரு முறை எதிரே உள்ள ஏரித் தண்ணீரில் தலைகீழாக. ‘போன்ற’ இருப்பதால் உவமை, சரி. பாட்டில் அந்த உருபு இல்லை. ஓர் அரண்மனை, கூரைமேல் பறக்கும் பொன்மஞ்சள் கொடிகள், ஒளிவீசும் இரண்டு ஜன்னல்கள், முத்தும் மாணிக்கமும் மின்னும் வாசல். கொடி தலைமுடி, ஜன்னல் கண், வாசல் பல்லும் உதடும். மனிதத் தலை என்று எங்குமே சொல்வதில்லை. ‘பீலிபெய் சாகாடும்’ குறளை வகுப்பில் நடத்தியவர்கள் உவமையை மட்டும் சொல்லிப் பொருளை உணரவைக்கும் பிறிதுமொழிதல் அணி என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ராஜாவின் பெயர் எண்ணம் என்று மட்டும் உடைத்துவிடுகிறார். அங்கே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் அபிப்பிராயம். கடைசியில் ஜன்னல்கள் செக்கச்செவேலென்று எரிய, வாசல் வழியே கோரமான கூட்டமொன்று சிரித்துக்கொண்டு வெளியே பாய்கிறது. வீட்டை முகமாகக் காட்டிய கதை இங்கே முகத்தை வீடாக்குகிறது. தன் புத்தி பேதலிப்பதைப் பாடுகிறவனே சொல்லிவிடுகிறான். இதை வெட்டினால் முதல் பத்தி ஜன்னல் வெறும் வர்ணனைதான்.

அப்புறம் தலைப்பு. அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’ என்ற ஒரே பெயரால் கட்டடத்தையும் குடும்பத்தையும் குறிப்பார்கள் என்று கதையிலேயே வருகிறது. தமிழில் இதற்கு மெனக்கெடவே வேண்டாம். ‘நல்ல வீட்டுப் பிள்ளை’ என்கிறோமே, அந்த வீடு போதும். மாளிகைக்கு அந்த வசதி கிடையாது. கடைசி வாரிசுகளான ராட்ரிக்கும் அவனுடைய இரட்டைச் சகோதரியும் செத்து விழுந்த கையோடு, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிந்த விரிசல் பிளந்து கட்டடமும் தண்ணீருக்குள் போகிறது. உங்கள் தலைப்பில் விழுவது கட்டடம் மட்டும்.

அடுத்த இதழில் அந்த ஆறு பத்திப் பாட்டையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி