அம்மாவுக்கு நாற்காலி போட்டவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

செம்மறியாட்டு, கம்பளித் திருவிழாவின் கடைசி நாள் மதியம் கூட்டத்தில் அம்மா காணாமல்போனதை ஒலிபெருக்கி உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. அம்மாவின் அடையாளங்களைச் சொல்லிச் சொல்லி அன்று எனக்கு நாக்கு வறண்டுபோனதால், அதையெல்லாம் இங்கே மறுபடியும் எழுதப்போவதில்லை. அம்மா நலமாக இருக்கிறார், பக்கத்து அறையில் தூங்குகிறார். நான்தான் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கதவோரம் நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

மேய்ப்பு நாய்ப் போட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு மைதானத்தின் கோடி வரை தேடப் போனவர்களுக்கும், வாயில்களில் நின்று வெளியேறிய ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்பிய தன்னார்வலர்களுக்கும், பட்டி பட்டியாகக் குனிந்து ஆடுகளுக்கு நடுவே தேடிய பிள்ளைகளுக்கும், ராட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவந்த பெண்களுக்கும், ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த முதியவருக்கும் என் நன்றி. ரோமம் கத்தரிக்கும் மேடையிலிருந்த இளைஞர், ஒரு பக்கம் மட்டும் கத்தரித்த ஆட்டை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆட்டிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது, கம்பளிக்குத் தரம் பார்க்கும் கூடாரத்தில் இருந்த ஒருவருக்காக. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளும் நிதானம் கூட எனக்கு அப்போது இருக்கவில்லை.

‘கையால் தொடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த அந்த மேசையின் முன் அம்மா வந்து நின்று, போட்டிக்கு வந்திருந்த ஒரு முழு ரோமத்துக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை நுழைத்திருக்கிறார். ஆட்டின் உடம்பிலிருந்து ஒரே துண்டாகக் கத்தரித்தெடுத்த ரோமத்தை, துப்பட்டியை உதறுவதுபோல வீசி விரிக்கும் மேசை அது. இடைவெளி விட்டு அடித்த பலகைகளின் வழியே சிறு துணுக்குகளும் மண்ணும் கீழே உதிர்ந்துவிடும். வேறு யாராக இருந்தாலும் அதட்டியிருப்பார்கள். பெயர் என்ன, யாரோடு வந்தீர்கள் என்று கேள்விகளையாவது அடுக்கியிருப்பார்கள், அந்தக் கேள்விகளுக்குத்தான் அம்மா மிரண்டுபோவார். அவரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, போட்டியில் சேராத வேறொரு ரோமத்தை அம்மாவின் முன்னால் பரப்பி, “எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை அம்மா, இந்த ஓரத்தில் ஒட்டியிருக்கிற முள்ளையும் புல்லையும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்” என்று கேட்டிருக்கிறார்.

மெரினோ இனச் செம்மறியாட்டு ரோமத்தின் நெளிவைப் பார்த்தே நயம் சொல்கிறவர் அவர். நேர்த்தியான மெரினோ இழை 20 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தடிமன் உள்ளது. மனிதரின் தலைமுடி அதைப்போல மூன்று, நான்கு மடங்கு பருமன் இருக்கும். அந்த வேற்றுமைகளைக் கண்ணாலும் விரலாலும் அளக்கிறவருக்குத்தான் கண் தெரியவில்லையாம்!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா தலை நிமிரவில்லை. மேல்பக்கம் அழுக்கேறிச் சாம்பல் நிறத்தில் கிடந்த ரோமத்தை வகிடெடுப்பதுபோலப் பிரித்து, உள்ளே தெரிந்த வெண்மையில் சிக்கியிருந்த நெருஞ்சி முள்ளை இரண்டு நகங்களுக்கு நடுவே பிடித்து, இழை அறுபடாமல் உருவி எடுத்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் என்னை முழங்கால்களுக்கிடையே உட்கார வைத்துப் பேன் பார்த்த விரல்கள் அவை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த விரல்கள் தடுமாறாமல் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். அழுதுகொண்டே தோளைத் தொட்ட என்னிடம், “கொஞ்சம் இரு, இது முடியட்டும்” என்றார்.

நாற்காலி போட்டவரும் இருக்கத்தான் சொன்னார். தேடியவர்களுக்குத் தகவல் போகட்டும், அம்மா அந்த ஓரத்தை முடிக்கட்டும் என்று எங்களைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒரு சிறு கற்றையை உருவி, இரு முனைகளையும் பிடித்து, அம்மாவின் காதருகே கொண்டுபோய்ச் சுண்டி இழுத்தார். உறுதியான கற்றை தந்திபோல ஒலிக்கும், நலிந்தது சடசடத்து நடுவில் அறும் என்றும், ஆடு நோயில் கிடந்த நாட்களிலும் தீனி குறைந்த நாட்களிலும் வளர்ந்த பகுதி மெலிந்துபோவதால் எல்லா இழைகளும் ஒரே இடத்தில் அறுகின்றன என்றும் எனக்கு விளக்கினார். அம்மாவுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இன்னொரு தடவை” என்றார். போட்டியின் முடிவுக்காக ஒரு கூட்டமே காத்திருந்தபோது, அவர் மூன்று முறை சுண்டிக் காட்டினார்.

வீட்டில் நாங்கள் அம்மாவின் கைக்கு வேலையே கொடுப்பதில்லை. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று பாதுகாப்பின் பெயரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, பிறகு ஏன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கிறார் என்று வியந்திருக்கிறோம். அன்றும் அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால், நெசவுக் கூடாரத்தில் நூல் கண்டு ஒன்றை எடுத்த அவர் கையைத் தட்டி, “தொடாதே அம்மா” என்று சொன்னவள் நான். இனி அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அம்மா கேட்கமாட்டார். இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன், மீறினால் நீங்கள் கேட்கலாம்.

அடுத்த திருவிழாவுக்கும் வருவோம். ஐயா, அதே மேசைக்கு அம்மாவை அழைத்துவருகிறேன். உங்கள் கண் அப்போதும் சரியாகத் தெரியாமலிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய கற்றை இப்போதும் அம்மாவின் உள்ளங்கைக்குள்தான் இருக்கிறது. கழுவாத ரோமத்தின் ஆட்டு வாடையும் லனோலின் என்கிற ரோம மெழுகின் பிசுபிசுப்பும் தலையணை உறை வரை ஏறிவிட்டன, நான் அதை மாற்றவில்லை. வெடித்துக் கிடந்த அவர் விரல் நுனிகள் அந்த மெழுகில் சற்று மிருதுவாகியிருக்கின்றன. நேற்று இரவு படுக்கும் முன் அந்தக் கற்றையை என் காதருகே கொண்டுவந்து சுண்டினார். கேட்டதா என்றார். கேட்டது என்றேன்.

நன்றியுடன்,
அன்று ஒலிபெருக்கியில் அழுத மகள்