விண்ணப்பித்த நாளே முதல் நாளாகட்டும்

சமூகச் சேவை அலுவலகங்களையும் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தையும் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வேலை இழந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தரும் தொண்டூழியர் நான். ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்டு இம்மடலை எழுதுகிறேன். உதவி கேட்பவர் காத்திருக்கும் காலத்தை, ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து அல்லாமல், அவர் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் காம்கேர் குறுகிய, நடுத்தர கால உதவிக்கான விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அந்த வாரங்கள் தேவையான ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த பிறகுதான் தொடங்குகின்றன. அதற்கு முன் கழியும் நாள்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நான் பார்த்த வரையில் குடும்பங்கள் தளர்ந்துபோவது அந்த நாள்களில்தான்.

என் அண்டைவீட்டுக்காரர் ஒருவர் வேலை பார்த்த சிறிய அச்சகம் மூடப்பட்டது. உதவி கேட்டுச் சமூகச் சேவை அலுவலகத்துக்கு முதல்முறை சென்றபோது அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்டார்கள். அதைக் கொடுத்ததும் மனைவியின் கணக்கு அறிக்கை தேவைப்பட்டது. மூன்றாம் முறை, வேலை முடிந்ததற்கு முதலாளி தரும் கடிதம். முதலாளியோ தொலைபேசியை எடுக்கவே இல்லை. அலுவலர்கள் எவரும் என் அண்டைவீட்டுக்காரரிடம் கடிந்து பேசவில்லை, எல்லாரும் பொறுமையாகவே விளக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்து, “இன்னும் ஒரு தாள் வேணுமாம் அக்கா” என்று சொன்ன குரல் மாதக்கணக்கில் சன்னமாகிக்கொண்டே போனது.

கேட்க வேண்டிய எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே, ஒரே பட்டியலாக, அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கடிதம் தராத முதலாளியின் தவற்றுக்கு ஊழியர் காத்திருக்கத் தேவையில்லை. குறைந்தது பத்து ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், எத்தனை பேரை ஆட்குறைப்பு செய்தாலும் ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. அதைவிடச் சிறிய நிறுவனமானாலும், முதலாளி மாதந்தோறும் கட்டும் மத்திய சேமநிதிச் சந்தா எந்த மாதத்தோடு நின்றது என்பது அரசாங்கப் பதிவுகளிலேயே இருக்கிறது. சந்தா நின்றதை வைத்து மட்டும் ஆட்குறைப்பா, தானாக விலகினாரா என்று முடிவு செய்ய முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் விண்ணப்பத்தை நகர்த்தி, முதல் தொகையைக் கொடுக்க அது போதுமல்லவா?

2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் முதல் மாதத்தில் 1,500 சிங்கப்பூர் வெள்ளி வரையும், அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களுக்குத் தலா 750 வெள்ளி வரையும் வழங்குகிறது. முதல் மாதமே மிகக் கடினமானது என்பதை அறிந்துதான் அதை வகுத்திருக்கிறீர்கள். ஆகவே தொடக்கத்தில் ஏற்படும் தாமதம் அந்தத் திட்டத்தின் நோக்கத்தையே கெடுக்கிறது.

முதலில் ஒரு தொகை, பிறகு விரிவான பரிசீலனை என்பது நமக்குப் புதிதல்ல. கோவிட்-19 காலத்தில், 2020 ஏப்ரலில் தற்காலிக நிவாரண நிதியாக ஒருமுறை 500 வெள்ளி கொடுத்துவிட்டு, மூன்று மாத ஆதரவுக்கான மானியத்தை மே மாதம் தனியாகத் தொடங்கினீர்கள். இன்றும் அவசரத் தேவை உள்ளவர்களுக்கு இடைக்கால உதவி உண்டு. ஆனால் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் நம் பெரியவர்கள் பலருக்கு அது தெரியாது. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், “வீட்டில் இந்த வாரத்துக்கு அரிசி, பருப்பு இருக்கிறதா?” என்று அலுவலரே முதலில் கேட்கும்படி நடைமுறையை மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத் தொண்டூழியர் ஒருவர்