அம்மாவையும் எங்களையும் தாங்கியவர்களுக்கு

அம்மா காலமாகி, அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. கிரியைகளில் கூட இருந்தவர்களுக்கும், துக்கம் விசாரித்தவர்களுக்கும், சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும் நினைவு மலரிலேயே நன்றி சொல்லியிருக்கிறோம். இந்த மடல் அதற்கு முந்திய காலத்துக்கானது. அம்மா மறதி நோயோடு லண்டனில் எங்களுடன் வாழ்ந்த அந்த ஆண்டுகளில் துணை நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எங்களை ஒருபோதும் கண்டிராத ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பிரித்தானிய மேலவை உறுப்பினராக இருந்த சாலி கிரீன்கிராஸ் 2022 ஜூன் மாதம் தன் 86ஆவது வயதில் காலமானார். 1987 முதல் 2000 வரை ஏஜ் கன்சர்ன் என்ற முதியோர் அமைப்பை நடத்தியவர். வயதானவர்களை அவர்களைப் பராமரிப்பவர்களே அடிப்பதும் ஏமாற்றுவதும் நடக்கிறது என்று வெளியே பேச எல்லோரும் தயங்கிய காலத்தில், 1993இல், அதற்கெனவே ஓர் அமைப்பு உருவாக முன்னின்றார். 2000இல் மேலவைக்குப் போன பிறகும் எந்தக் கட்சியோடும் சேராமல் சுயேச்சையாகவே இருந்தார். வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது அநீதி என்பதைத்தான் கடைசிவரை பேசினார்.

எங்கள் குடும்பம் அவருக்குக் கடன்பட்டது 2013இல் வந்த ஓர் அறிக்கையால். மறதி நோய்க்கான அனைத்துக்கட்சி நாடாளுமன்றக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கியபோது, கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மை மக்களிடையே இந்த நோய் எப்படி இருக்கிறது என்று அந்தக் குழு விசாரித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சமூகங்களில் ஏறத்தாழ 25,000 பேருக்கு மறதி நோய் இருப்பதாகவும், 2051இல் அது 172,000ஐத் தாண்டும் என்றும் கணித்தது. நாட்டின் மொத்த எண்ணிக்கை இரு மடங்குக்குச் சற்று மேல் கூடும் அதே காலத்தில் எங்களுடையது ஏழு மடங்காகும். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் எங்கள் ஆட்களிடம் அதிகம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் மறதியும் அதனால் அதிகம். அம்மாவுக்கும் அதுதான்.

“அவர்கள் தங்கள் முதியோரைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்” என்ற எண்ணத்தையும் அந்த அறிக்கை கேள்வி கேட்டது. வெளியார் அப்படி நினைப்பதால் உதவி வந்து சேர்வதில்லை. நாங்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு உதவி கேட்பதில்லை. அந்தப் பெருமையின் பாரத்தை எங்கள் வீட்டுப் பெண்கள்தான் சுமக்கிறார்கள். மகளும் மருமகளும் வேலையை விட்டு, நித்திரையை விட்டு, வருத்தக்காரராகிப் போகிறார்கள். “ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைக்கும்” என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் எத்தனை! அந்த விசாரணையில் தங்கள் வீட்டுக் கதையைத் துணிந்து சொன்ன பராமரிப்பாளர்களுக்கும் என் கைகூப்பு.

ஞாபகசக்தியைப் பரிசோதிக்கும் மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் தங்கச்சிக்கு நன்றி. பிற்காலத்தில் கற்ற இங்கிலீஷ் முதலில் அம்மாவை விட்டுப் போய்விட்டது. பருத்தித்துறைப் பேச்சு மட்டுமே மிஞ்சியிருந்தது. அம்மா அவரைப் “பிள்ளை, பிள்ளை” என்று கூப்பிட்டுக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் கதைத்ததையெல்லாம் அவர் ஒரு சொல் விடாமல் வைத்தியரிடம் சொன்னார்.

மறதி நோய்க்கென்றே பயிற்சி பெற்ற தாதிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பின்னேரமானால் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு “வீட்டை போவம்” என்று வாசலில் நிற்பா. ஒருமுறை அது இரவிரவாகக் கத்தலாக மாறியது. அமைதிப்படுத்த மாத்திரை தரச் சொல்லலாமா என்று கேட்டேன். “முதலில் எங்கேயாவது நோகிறதா, மலச்சிக்கலா, சிறுநீரில் கிருமியா என்று பார்ப்போம்” என்றார். சிறுநீரில் கிருமிதான். அது மாறியதும் அம்மா அடங்கினா. பிறகுதான் வாசித்தேன்: 2009இல் அரசுக்குக் கொடுக்கப்பட்ட ஆய்வறிக்கையின்படி, இந்நாட்டில் மறதி நோயுள்ள ஏறத்தாழ 180,000 பேருக்கு அத்தகைய மாத்திரைகள் கொடுக்கப்பட்டு, ஆண்டுக்குச் சுமார் 1,800 பேர் அதனாலேயே கூடுதலாக இறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே இதைப் பற்றி நாடாளுமன்றக் குழு எச்சரித்திருந்தது. அந்தத் தாதி அன்று என்னிடம் சொன்னதற்குப் பின்னால் இத்தனை பேருடைய போராட்டம் இருந்திருக்கிறது.

காலையில் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிய பராமரிப்புப் பணியாளர்களே, நீங்கள் அம்மாவை ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. உங்களுக்குக் கிடைக்கும் சம்பளம் உங்கள் வேலைக்கு ஈடானதல்ல. அதை மாற்ற இந்த நாடு இன்னும் எதையும் போதுமான அளவு செய்யவில்லை.

பராமரிப்பவருக்கும் தேவைகள் உண்டு, 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி அவற்றை மதிப்பிட்டே ஆக வேண்டும் என்று எனக்கே எடுத்துச் சொன்ன உள்ளூராட்சி அலுவலர், அம்மாவைத் தெருவில் கண்டு கூட்டிவந்த பேருந்துச் சாரதி, அவ காசு கொடுக்காமல் எடுத்த பிஸ்கட்டை எழுதிவைத்து எனக்கு மட்டும் மெல்லச் சொன்ன மளிகைக் கடை அண்ணா, பகல்நேர நிலையத்தில் அவவோடு சேர்ந்து தேவாரம் பாடிய மாமிமார், எல்லோருக்கும் நன்றி.

அம்மாவின் சக்கர நாற்காலியும் உயர்த்தி இறக்கும் கட்டிலும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படும் குடும்பம் பகல்நேர நிலையத்தில் சொல்லிவிடுங்கள், தம்பி கொண்டுவந்து பொருத்தித் தருவான். உதவித்தொகைப் படிவம் நிரப்புவது கஷ்டமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வருவேன்.

நன்றியுடன்,
பிள்ளைகள் சார்பில் மூத்த மகள்