கதவைத் தட்டிவிட்டு நிற்கும் நேரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆய்வு முன்மொழிவை முடிக்காமல் பதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். நேற்று இரவு கைடுக்கு அனுப்பியாயிற்று. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடப் போகிறார், பார்த்துக்கொள்.

"பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் தேர்தல் வேலைக்கு ஏன் போனாய், அதை விட்டு ஆராய்ச்சிக்கு ஏன் வந்தாய்?" என்று கேட்டிருந்தாய். நேர்முகத் தேர்விலும் இதையேதான் கேட்டார்கள். அங்கே மூன்று வரியில் முடித்துக்கொண்டேன். உன்னிடம் அப்படி முடியாது.

நான்கு வருடம் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்தேன். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றில் தொடங்குவேன்: பேசுபவர்மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனதில் எழும் உணர்ச்சி, சொல்லும் காரணத்தின் வலு. அப்புறம் கேட்பவரைச் செயலுக்குத் தூண்டும் பேச்சுக்கு 1930களில் ஆலன் மன்றோ வகுத்த ஐந்து படிகள். மேடை பயத்தை அளக்க ஜேம்ஸ் மெக்ராஸ்கியின் 24 கேள்விப் படிவம். அந்தப் படிவத்தில் மிக அதிகமாக பயம் காட்டிய ஒரு மாணவியை நான் மறக்கவே மாட்டேன். குறிப்பு அட்டை கையில் படபடவென்று ஆடியது. அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் பேசச் சொன்னேன். காது கேளாத தன் தம்பியைப் பற்றிப் பேசினாள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வகுப்பே அசையவில்லை. மதிப்பெண் தாளில் குரலுக்கு, பார்வைக்கு, அமைப்புக்கு என்று கட்டங்கள் இருந்தன. கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

அந்த உறுத்தலோடுதான் பிரச்சார வேலையில் சேர்ந்தேன். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்களோடு வீடு வீடாகப் போவதும்தான் வேலை. கையில் வாக்காளர் பட்டியல், மனப்பாடமாக நான்கு வரி. பேசி முடித்ததும் 1 முதல் 5 வரை ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். 1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் உறுதியான எதிர்ப்பு. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, நான்கு வரியையும் பொறுமையாகக் கேட்டார். "சொல்லி முடிச்சிட்டியாம்மா? இப்ப நான் சொல்லலாமா?" என்றார். பேருந்து வருவது நின்றுபோனதிலிருந்து மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போகப் படும் பாட்டைச் சொன்னார். இருபது நிமிடம் நின்று கேட்டேன். தாளில் 3 என்று சுழித்தேன். அன்று மாலை அலுவலகத்தில் எல்லா எண்களையும் கூட்டினார்கள், அவர் ஒரு 3 ஆகிப்போனார். எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கேட்டதைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். அந்தக் கட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு வந்த பிறகு படிக்கப் படிக்க ஆச்சரியம். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், வானொலியையும் பத்திரிகையையும்விடப் பழகிய மனிதர்களின் பேச்சே வாக்காளர்களை அதிகம் அசைத்தது. 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அரசியல் ஆய்வாளர்கள் கெர்பரும் கிரீனும் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்துச் சோதித்தார்கள். நேரில் போய்ப் பேசியபோது வாக்குப்பதிவு நன்றாகக் கூடியது, தொலைபேசி அழைப்பால் கூடவில்லை. ஆனால் வாக்களிக்க வரவைப்பது வேறு, மனதை மாற்றுவது வேறு. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 2018இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அமெரிக்கப் பொதுத்தேர்தலில் யாருக்கு வாக்கு என்பதைப் பிரச்சாரம் மாற்றுவது சராசரியாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதே இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வை நான் நாலைந்து தடவை படித்துவிட்டேன். திருநர் மீதான வெறுப்பைப் பற்றி வாசலில் நின்று சுமார் பத்து நிமிட உரையாடல். பிரசங்கம் இல்லை. மற்றவர்கள் உன்னை வேறு மாதிரிப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டு, வீட்டுக்காரரையே பேச விடுவது. வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது.

இவையெல்லாம் வாக்காளருக்கு என்ன ஆகிறது என்று அளந்தவை. கதவைத் தட்டியவருக்கு என்ன ஆகிறது? கேட்டுவிட்டு வந்தவர் அடுத்த வீட்டில் அதே நான்கு வரியைச் சொல்கிறாரா? அதில் எந்த வரியை விட்டுவிடுகிறார்? இதைத்தான் ஆராயப்போகிறேன். தன்னார்வலர்களிடம் கேட்கப் பதினான்கு கேள்விகள் தயார். அதில் பாதிக்குமேல் பதிலை நானே ஊட்டிவிடுகிற கேள்விகளோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிநேரம் ஒதுக்கு. போனில் உன்னிடம் கேட்டுப் பார்க்கிறேன். எந்தக் கேள்வியில் உன்னை ஒரு பக்கம் தள்ளுகிறேனோ, அங்கேயே என்னை நிறுத்து.

அன்புடன்,
உன் தோழி