சியாட்டில் புரூஸ் லீக்கு அந்நிய மண் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள நடிகர் புரூஸ் லீயின் கல்லறை பற்றி வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு அவர் மீது மிகுந்த பற்று உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அவர் 'அந்நிய மண்ணில் அநாதையாகக் கிடக்கிறார்' என்று அதில் வந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தக் கல்லறையின் எதிரே ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்துவிட்டு வந்தவன் என்ற முறையில், அந்த வரியில் 'அந்நிய மண்' என்பதும் தவறு, 'அநாதை' என்பதும் தவறு என்று தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புரூஸ் லீ ஹாங்காங்கில் வளர்ந்தவர், ஹாங்காங் படங்களால் புகழ் பெற்றவர் என்பதால், அவரது உடலும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அவர் பிறந்தது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள். கான்டனீஸ் இசை நாடக நடிகரான அவருடைய தந்தை தம் குழுவோடு அமெரிக்காவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஆகவே பிறப்பால் அவர் அமெரிக்கக் குடிமகன். கைக்குழந்தையாக ஹாங்காங் சென்று, அங்கே சிறுவர் வேடங்களில் நடித்து வளர்ந்து, 1959இல் பதினெட்டு வயது இளைஞராக அமெரிக்காவுக்குத் திரும்பியவர் வந்து தங்கிய ஊர்தான் சியாட்டில். ரூபி சாவ் என்ற அம்மையார் நடத்திய சீன உணவகத்தில் பரிமாறும் வேலை, அந்த உணவகத்தின் மாடியிலேயே ஓர் அறை, பகலில் தொழிற்பள்ளியில் படிப்பு என்று அங்கே அவர் வாழ்க்கை தொடங்கியது. 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிடைத்த இடத்தில் நின்று குங்ஃபூ கற்றுக்கொடுத்தார். பின்னர் முறையாக ஒரு பயிற்சிக்கூடமும் தொடங்கினார். அங்கே கற்க வந்த லிண்டா எமரி என்ற மாணவியை 1964 ஆகஸ்டில் அதே நகரில் மணம் செய்துகொண்டார். பட்டம் வாங்காமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர் என்றாலும், கையில் ஏனத்தோடு மேசை மேசையாக நடந்த ஒரு பையனை ஆசானாகவும் கணவனாகவும் ஆக்கிய ஊரை அவருக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

அவர் ஹாங்காங்கில் 1973 ஜூலை 20ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில் இறந்தார். மூளை வீக்கத்தால் நேர்ந்த மரணம் என்றும், அது தற்செயலாக நிகழ்ந்தது என்றும் விசாரணையில் முடிவாயிற்று. எதிரிகள் விஷம் வைத்தார்கள், மர்ம அடி அடித்தார்கள் என்ற கதைகளை நம் ஊர்த் தேநீர்க் கடைகள் இன்றுவரை விட்டபாடில்லை. தங்கள் கட்டுரை அவற்றைத் தொடாமல் விட்டதற்காகவே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் நடந்த இறுதி மரியாதைக்கு ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டார்கள். அதன் பிறகு உடலைச் சியாட்டிலுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்வது என்று முடிவெடுத்தவர் அவருடைய மனைவிதான். தம் கணவர் மிக மகிழ்ச்சியாக இருந்த நாள்கள் அந்த ஊரில் கழிந்தவை என்பதும், அங்கே கிடைக்கும் அமைதி ஹாங்காங்கில் கிடைக்காது என்பதும் அவர் கருத்து. (நம் வீடுகளில் கணவன் கண்மூடினால், எங்கே எடுப்பது என்பதை அங்காளி பங்காளிகள் கூடித் தீர்மானிக்கிறார்களே ஒழிய, மனைவியை ஒரு வார்த்தை கேட்பவர்கள் எத்தனை பேர்?) சியாட்டிலில் பெட்டியைச் சுமந்தவர்களில் ஹாலிவுட் நடிகர்களான ஸ்டீவ் மெக்வீனும் ஜேம்ஸ் கோபர்னும் இருந்தார்கள். இருவருமே அவரிடம் சண்டைக் கலை பயின்றவர்கள். அவர்களோடு, சியாட்டில் காலத்திலிருந்தே உடனிருந்த மாணவர் டாக்கி கிமுராவும் தோள் கொடுத்தார்.

என் மகன் வேலை நிமித்தமாக அந்நகருக்கு அருகில் குடியிருக்கிறான். பேரனைப் பார்க்கப் போன இடத்தில், 'அப்பா, உங்களுக்கு எங்கே போக வேண்டும்?' என்று அவன் கேட்டபோது, நயாகரா என்றோ டிஸ்னி என்றோ நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். திருநெல்வேலியில் பள்ளி மாணவனாக இருந்தபோது 'என்டர் தி டிராகன்' படத்தைப் பார்த்துவிட்டு வந்து, விளக்குமாற்றுக் கட்டையை இரண்டாக அறுத்துச் சைக்கிள் சங்கிலியால் பிணைத்துச் சுழற்றி, முதல் சுற்றிலேயே நெற்றியில் வாங்கிய தழும்பு இன்னும் எனக்கு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. கல்லறைக்குப் போக வேண்டும் என்றதும் மருமகள் சற்றுத் தயங்கினாள். விடுமுறை நாளில் மயானத்துக்கு யாராவது போவார்களா என்பது அவள் கவலை. ஆனாலும் கடையில் மஞ்சள் செவ்வந்திக் கொத்து ஒன்று வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

லேக் வியூ என்னும் அந்தக் கல்லறைத் தோட்டம், கேப்பிடல் ஹில் பகுதியில் ஒரு பூங்காவை அடுத்து மேட்டின் மீது இருக்கிறது. 1872இல் ஏற்பட்ட தோட்டம் அது. உள்ளே நடந்து ஏறினால், தாழ்வாக வெட்டிவிடப்பட்ட பச்சை வேலிக்குள் இரண்டு கற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. செந்நிறக் கல் தந்தைக்கு, கருநிறக் கல் மகனுக்கு. தந்தையின் கல்லில் முட்டை வடிவத்தில் அவருடைய படம், ஆங்கிலத்திலும் சீனத்திலும் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அவற்றின் கீழே 'ஜீத் குன் டோவை நிறுவியவர்' என்று, அவர் உருவாக்கிய சண்டைக் கலையைக் குறிக்கும் ஒரே ஒரு வரி. நடிகர் என்ற சொல்லே அதில் இல்லை. கல்லின் முன்னால், விரித்து வைத்த புத்தகம் போல் செதுக்கிய ஒரு கல். அன்று அதன் ஓரத்தில் பல நாட்டுச் சில்லறைக் காசுகளும், தோல் சுருங்கத் தொடங்கிய இரண்டு ஆரஞ்சுப் பழங்களும், மழையில் மை கரைந்த ஒரு கடிதமும் கிடந்தன. பழக்கதோஷத்தில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பணியாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என் கால்களைப் பார்த்தார். ஏதும் கேட்காமல், சற்றுத் தள்ளிப் போய் வேறு வரிசையில் வெட்ட ஆரம்பித்தார். எங்கள் சில்லறையும் இருக்கட்டும் என்று ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வைத்தேன்.

அருகில் இருக்கும் மகன் பிராண்டன் லீ. 1993 மார்ச் 31ஆம் நாள், படப்பிடிப்பில் வெறும் வெடிச்சத்தத்துக்காகச் சுட வேண்டிய துப்பாக்கியின் குழலில் குண்டின் முனை ஒன்று சிக்கியிருந்ததை எவரும் கவனிக்காததால், இருபத்தெட்டு வயதில் உயிர் விட்டவர். தந்தை போன நாளில் அவருக்கு எட்டு வயது. இதைப் படித்து அறிந்திருந்தும், இரண்டு கற்களையும் ஒருசேரப் பார்த்தபோது எனக்குப் படத்தின் நினைவோ சண்டைக் காட்சியின் நினைவோ வரவில்லை. இருபது ஆண்டு இடைவெளியில் அதே இடத்துக்கு இரண்டு முறை வந்து நின்ற அந்த அம்மாவின் நினைவுதான் வந்தது. புரூஸ் லீக்கு மகன் பக்கத்தில் இருக்கிறான். எதிரே போட்டிருக்கும் கல் இருக்கையில், நான் இருந்த மூன்று மணி நேரத்தில் ஆள் மாறி ஆள் அமர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்நகருக்குத் தம் பெயரையே தந்த செவ்விந்தியத் தலைவர் சியாட்டிலின் மகளும் அதே தோட்டத்தில்தான் உறங்குகிறார். இதற்குப் பெயர் அநாதையா?

குறை சொல்வதென்றால் வருகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும். அன்று வந்த ஒரு குடும்பம், நம் மொழி பேசுகிறவர்கள்தாம், பையனைப் புத்தகக் கல்லின் மீது ஏற்றி நிறுத்திக் காலை உயர்த்தச் சொல்லிக் காணொளி எடுத்தார்கள். அது இன்றும் ஆள்களை அடக்கம் செய்துவரும் இடம். நான்கு வரிசை தள்ளி ஒரு மூதாட்டி, யாரோ ஒருவருடைய கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் ஒரு வார்த்தை சொன்னதும் பையனைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையுடன் 'கல்லறை முன் உள்ள சிலை' என்று அச்சிட்டிருக்கும் படம், 2005இல் ஹாங்காங் கடற்கரை நடைபாதையில் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையின் படம். சியாட்டில் கல்லறையில் சிலை எதுவும் இல்லை. என் மகன் எடுத்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். தகுதியுடையதாகத் தோன்றினால் வெளியிடலாம். இடது ஓரத்தில் தெரியும் செருப்பு என்னுடையது. அதை மட்டும் வெட்டிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.